கிரேன்காரி வீட்டு முதலாளி

கட்டடம் கட்டுகிற இடத்தில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் அது படியேறக் கஷ்டப்படுவதில்லை. அந்த வாரம் கிளம்பியது இது: கிரேன் ஓட்டுகிற பெண் தன் எட்டு மாதக் குழந்தையைத் துண்டில் சுற்றி, பையில் போட்டு, கயிற்றில் கட்டி நாற்பது மீட்டர் மேலே இழுத்து, கேபினில் உட்கார்ந்தபடியே பால் கொடுத்துவிட்டு, பத்திரமாகக் கீழே இறக்கிவிடுகிறாள். காலையில் சிமென்ட் லாரி ஓட்டுநர் சொன்னபோது ஒரே ஒரு தடவைதான் ஏற்றியிருந்தாள். மதியம் கம்பி கட்டுகிறவர்கள் வாய்க்குப் போனபோது தினம் மூன்று வேளை ஆகிவிட்டது. சாயங்காலம் பெயின்டர்கள் சொன்னபோது குழந்தை மேலே இருந்து கையாட்டியது.

விசாரித்துப் பார்த்தால் லாரிக்காரர் முழுப் பொய்யர் இல்லை. மஞ்சள் துண்டு, சின்ன மூட்டை, கயிற்றில் ஆடி ஆடி மேலே போனது. அதுவரைக்கும் நிஜம். மூட்டைக்குள் என்ன இருந்தது என்று தெரிய வேண்டுமானால் பன்னிரண்டு நாள் பின்னால் போக வேண்டும். மூட்டை அவிழ்ந்தது மேலே, அவள் ஒருத்தியின் மடியில்தான்.

அவள் கிரேனுக்கு வந்ததே ஒரு கையெழுத்துக்காக. சைட் ஆபீசில் ரெஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தவளை, கிரேன் ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி மேலே அனுப்பினார்கள். நூற்று எண்பது படி ஏறி, மூச்சு வாங்க அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்தவள் இறங்க மனசில்லாமல் இறங்கினாள். அப்புறம் பயிற்சி, பரீட்சை, லைசென்ஸ், ஏழு வருஷம். கீழே நின்று சிக்னல் கொடுத்தவரையே கல்யாணமும் செய்துகொண்டாள். முதல் ஆறு மாதம் அவள் அவரைப் பார்த்ததெல்லாம் ஹெல்மெட்டின் உச்சியைத்தான். ஒரு நாள் கீழே வந்து பார்த்து, முகமும் பரவாயில்லை என்று முடிவு செய்தாளாம். இது அவள் வாயாலேயே வந்தது, ஆகவே வதந்தி இல்லை.

பிறந்த குழந்தைக்கு வீட்டில் முதலாளி என்று பெயர் விழுந்துவிட்டது. வேலை நேரம் கிடையாது, எப்போது கூப்பிட்டாலும் ஓட வேண்டும், திருப்தி என்பதே கிடையாது. வேறு என்ன பெயர் வைப்பது?

பால் விஷயத்தில் முதலாளி ஒரு குறையும் வைக்கவில்லை. பால் தவிர வேறு எதையும் வாய்க்குள் விடவில்லை, அவ்வளவுதான். ஆறாம் மாதம் கஞ்சி கொடுத்தார்கள், துப்பினார். ஏழாம் மாதம் பழம் மசித்துக் கொடுத்தார்கள், தலையைத் திருப்பிக்கொண்டார். எட்டாம் மாதம் சனிக்கிழமை எடை பார்க்கக் கொண்டுபோனபோது, தராசின் முள் ஆறு வாரத்துக்கு முன் நின்ற இடத்திலேயே வந்து நின்றது.

நர்ஸ் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பாலை நிறுத்தாதீங்க. ஆனா இந்த வயசுக்குப் பால் மட்டும் பத்தாது. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. அப்பவும் ஏறலேன்னா டாக்டர்தான் பாக்கணும்."

அங்கிருந்து வெளியே வருவதற்குள் சூப்பர்வைசரிடமிருந்து போன். அவள் விடுப்பில் இருந்த எட்டு மாதமும் கேபினில் உட்கார்ந்திருந்தது மூட்டை என்று எல்லாரும் கூப்பிடும் பெரிய உடம்புக்காரர். ஒரு கிரேனுக்கு இரண்டு பேர் எதற்கு என்று மேலிடத்தில் கேட்கிறார்களாம்.

"வர்ற வாரம் விட்டு அடுத்த வியாழக்கிழமை தளம் போடறோம்மா. ஆரம்பிச்சா நடுவுல நிறுத்த முடியாது, ஆறு மணி நேரம். குழந்தைக்காக இறங்கி இறங்கி ஏறுனா ஒத்துவராது. இறங்காம ஓட்டிக் காட்டுங்க, கேபின் உங்களுது. இல்லேன்னா மூட்டையைப் பெர்மனென்ட் பண்ணிடுவாங்க. என் கையில ஒண்ணுமில்ல."

'என் கையில ஒண்ணுமில்ல' என்று சொல்கிறவர் கையில்தான் பொதுவாக எல்லாமே இருக்கும். அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இறங்க எட்டு நிமிஷம், வீட்டுக்கு ஐந்து, ஊட்ட இருபது, திரும்பி வந்து ஏறப் பதினைந்து. அதற்குள் காங்கிரீட் இறுகிவிடும். ஆக, பன்னிரண்டு நாளில் முதலாளி வாயைத் திறந்தாக வேண்டும். திறக்காவிட்டால் முதலில் அவள் கேபின் போகும். அதற்கு இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை அந்த முள் அங்கேயே நின்றால் என்ன போகும் என்பதை அவள் நினைக்க மறுத்தாள்.

ஊர் உலகத்தில் எல்லாரும் குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டுகிறார்கள். இவர்கள் வீட்டில் சாப்பாட்டை இறக்கினார்கள். கணவர் பன்னிரண்டு வருஷம் கொக்கிக்குக் கீழே நின்றவர், வேறு விதம் அவருக்குத் தெரியாது. முதலாளியை உயர நாற்காலியில் உட்காரவைத்து பெல்ட் போட்டு, இவர் பக்கவாட்டில் நின்று விரலை ஆட்டி 'இறக்கு... மெதுவா... இன்னும் ஒரு அங்குலம்' என்று காட்டுவார். அவள் அதைப் பார்த்துக்கொண்டே ஸ்பூனை வாய்க்கு நேராகக் கொண்டுபோவாள். மூலையில் கணவரின் அக்கா ஒரு கிண்ணத்தைத் தட்டிக்கொண்டு நிற்பாள். சத்தம் கேட்டு முதலாளி வாயைப் பிளந்தால், அந்த இடைவெளியில் லோடு உள்ளே. கணவர் ஒரு நோட்டுப் புத்தகம்கூட வைத்திருந்தார். 'திங்கள் காலை. ஏற்றியது எட்டு ஸ்பூன். இறங்கியது ஒன்றரை. சிந்தியது மீதி.'

முதல் இரண்டு நாள் முதலாளி தலையைத் திருப்பி, கையை மடக்கித் தூக்கினார். மூன்றாம் நாள் ஸ்பூனைக் கண்டதும் அழுதார். ஐந்தாம் நாள் நாற்காலியைக் கண்டாலே அழுதார்.

அக்கா நல்லவள். நல்லவர்கள் செய்யும் பாவங்கள் தனி வகை. தம்பி மனைவி கண்ணயரும் பகல் நேரத்தில் அவள் ஊட்டிவிட்டு, "கிண்ணம் காலி! சமத்தா சாப்பிட்டுச்சு" என்பாள். ஏழாம் நாள் பால்கனிப் பூந்தொட்டியில் எறும்பு கூட்டம் கூட்டமாக மொய்ப்பதைப் பார்த்துக் குழந்தையின் அம்மா மண்ணைக் கிளறினாள். மூன்று நாள் கஞ்சி அதில் இருந்தது.

"ஏன்க்கா இப்படி?"

"உன் முகத்தைப் பாக்க முடியலம்மா" என்றாள் அக்கா.

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்தார்கள். முதலாளி நாற்காலியில் உட்கார மறுத்து அவள் மடிக்கு வந்துவிட்டார். தட்டில் சோறு, வேகவைத்த உருளைக்கிழங்கு, ஒரு முட்டை. கணவர் தலையைக் குனிந்துகொண்டே ஆரம்பித்தார்.

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காத. இந்த வருஷம் விட்டுடு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"எதை விடறது?"

"கேபினைத்தான்."

"அடுத்த வருஷம் மூட்டை அண்ணன் எழுந்து இடம் குடுப்பாரா? நீங்க விட்டுடுங்க. நான் ஓட்டறேன், நீங்க வீட்ல இருங்க."

"நான் வீட்ல இருந்தா பால் வருமா?"

"ஸ்பூன் பிடிக்கத் தெரியுமில்ல? எட்டு நாளா அதைத்தானே ஊருக்கே சிக்னல் குடுத்துக் காட்டுனீங்க!"

"அப்போ தப்பெல்லாம் என் மேலதான்!"

"சாப்பிடற நேரத்துல ஏன் இப்படி?" என்றாள் அக்கா. "குழந்தை பயந்துக்கப் போவுது."

குழந்தை பயப்படவில்லை. பல வாரமாகத் தன் வாயையே முறைத்துக்கொண்டிருந்த மூன்று ஜோடிக் கண்களும் அன்றைக்குத்தான் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. அந்தச் சுதந்திரத்தில் முதலாளி கையை நீட்டித் தட்டிலிருந்து ஒரு துண்டு உருளைக்கிழங்கை எடுத்தார், வாயில் திணித்தார். இருக்கிற இரண்டு பல்லால் கடித்தார்.

அடுத்த நொடி முகம் சிவந்தது. நாக்கு வெளியே வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. நாற்காலி பின்னால் விழ, கணவர் எழுந்து வாய்க்குள் விரலை விடப் பாய்ந்தார்.

அவள் கை தானாக மேலே போனது. மூடிய முஷ்டி.

சைட்டில் ஒரு சட்டம் உண்டு. கிரேன் சிக்னல்காரர் பேச்சை மட்டும்தான் கேட்கும். ஆனால் மூடிய முஷ்டியை யார் தூக்கிக் காட்டினாலும், அது கூட்டிப் பெருக்குகிறவராக இருந்தாலும், எல்லாம் அப்படியே நிற்க வேண்டும். பன்னிரண்டு வருஷப் பழக்கம். கணவர் நின்றார். விரல் குழந்தையின் உதட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தரத்தில் நின்றது.

"இருமுது" என்றாள் அவள். "சத்தம் வருது. சத்தம் வர்ற வரைக்கும் யாரும் தொடாதீங்க." நர்ஸ் சொல்லியிருந்தாள். இருமினால் விடுங்கள், அதுவே வெளியே தள்ளிவிடும். சத்தமே இல்லாமல் போனால்தான் குப்புறப் போட்டு முதுகில் தட்ட வேண்டும். கேட்டபோது சுலபமாக இருந்தது. இப்போது மேலே அவள் முஷ்டி கல் மாதிரி நின்றது. ஒரு இருமல். இன்னொரு இருமல். நடுவில் ஒரு நொடி சத்தமே இல்லை. அவள் மற்றக் கையைக் குழந்தையின் மார்புக்கு அடியில் கொண்டுபோய்விட்டாள், திருப்பிப் போட. அதற்குள் மூன்றாவது இருமல் வந்தது. உருளைக்கிழங்கு எச்சிலோடு தட்டில் விழுந்தது.

முதலாளி அதைக் குனிந்து பார்த்தார். எடுத்தார். மறுபடி வாயில் போட்டுக்கொண்டார்.

"ஐயையோ, திரும்பவும்..." என்றாள் அக்கா.

"உஷ்! அக்கா, உங்க தட்டைப் பாத்துச் சாப்பிடுங்க."

மூன்று பேரும் அவரவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். கல்யாண வீட்டில் சம்பந்திகள் சாப்பிடுகிற மாதிரி, பார்க்காமல் பார்த்துக்கொண்டு. முதலாளி அரை உருளைக்கிழங்கும் முட்டை மஞ்சளில் கொஞ்சமும் தின்றார். நடுவில் ஒரு தடவை கணவர் வழக்கப்படி ஒரு வாய் சோற்றை நீட்டினார். முதலாளி உதட்டை இறுக்கி, தலையைத் திருப்பி, குட்டிக் கையை மடக்கித் தூக்கினார். எத்தனையோ நாளாக அவர் காட்டியும் யாரும் நிறுத்தாத அதே முஷ்டி. கணவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அன்றைக்கு நோட்டில் எதுவும் எழுதவில்லை.

கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கலாம். ஆனால் வியாழக்கிழமைக்கு அவள் மடி இருக்காது. செவ்வாய்க்கிழமை ஒத்திகை பார்த்தார்கள். அவள் குளியலறையில் பதினெட்டு நிமிஷம் ஒளிந்திருந்தாள், அக்கா தன் மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். முதலாளி தட்டைத் தள்ளிவிட்டுக் கதவைப் பார்த்து அழுதார். புதன்கிழமை ஒரே ஒரு வாய் தின்றார், மீதியைத் தரையில் போட்டார்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன்" என்றாள் அவள் புதன் சாயங்காலம். "நாளைக்குப் போன் பண்ணி 'சாப்பிட்டுச்சு'ன்னு சொல்லாதீங்க. நீங்க சொன்னா நான் நம்ப மாட்டேன். நிஜமாச் சாப்பிட்டா மட்டும் ஏதாவது அனுப்புங்க."

"என்னத்தை அனுப்ப?"

"எனக்குத் தெரியல. பூந்தொட்டி பக்கம் மட்டும் போகாதீங்க."

வியாழக்கிழமை விடிந்ததும் முதலாளிக்கு வயிறு நிறையப் பால் கொடுத்துவிட்டு, ஆறு மணிக்கு நூற்று எண்பது படி ஏறினாள். எட்டு மாதத்துக்குப் பிறகு லீவரைத் தொட்டதும் கை தன் ஞாபகத்திலேயே வேலை செய்தது. வாளி மேலே போனது, திரும்பியது, தளத்தின் மேல் நின்றது, கொட்டியது, திரும்பி வந்தது. வாக்கி-டாக்கியில் கணவரின் குரல், "மேலே... மெதுவா... போதும்." வீட்டுப் பேச்சு அதில் கூடாது, எல்லாரும் கேட்பார்கள்.

ஆனால் கேபினிலிருந்து அவள் வீட்டு மொட்டை மாடி தெரியும். பச்சைத் தண்ணீர்த் தொட்டி, கொடிக் கயிறு. ஒன்பது மணிக்கு அங்கே அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். அழுகிற குழந்தையைத்தான் அப்படித் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். ஏழு தடவை, எட்டு தடவை. ஒன்பதாவது தடவை எண்ணும்போது வாளி காற்றில் ஓரமாக ஆடியது.

"கேபின்! கண்ணு எங்க இருக்கு?" என்றது வாக்கி-டாக்கி.

"வாளியில." அப்போதுதான் வாளியைப் பார்த்தாள். அதற்குப் பிறகு மொட்டை மாடிப் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பாமல் இருப்பதுதான் அந்தக் காலையில் அவள் தூக்கியதிலேயே கனமான லோடு.

ஒன்பதே முக்காலுக்கு ஒரு லாரி போய் அடுத்த லாரி வருவதற்கு ஐந்து நிமிஷ இடைவெளி. சாப்பாட்டு டப்பா, தண்ணீர் எல்லாம் மேலே இழுக்க கேபினிலிருந்து ஒரு மெல்லிய கயிறு தொங்கும். அக்கா கேட்டில் கொடுத்துவிட்டுப் போன பையைக் கட்டிவிட்டு, கணவர் அதை இரண்டு தடவை சுண்டினார். இழுத்தாள். பையில் முதலாளியின் மஞ்சள் துண்டு உருண்டையாகச் சுற்றியிருந்தது. காத்திருந்த சிமென்ட் லாரி ஓட்டுநர் கீழே வாயைப் பிளந்து பார்த்தது இதைத்தான்.

துண்டை மடியில் பிரித்தாள். உள்ளே ஒரு உருளைக்கிழங்கு, முக்கால் பாகம் காணோம். மிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டே இரண்டு பல் தடம். அக்காவுக்கு வாயில் இருபத்தெட்டு பல் இருக்கிறது. இதை அவள் போலியாகச் செய்திருக்க முடியாது.

அவள் அழுதாளா என்று கேட்டால் இல்லை என்கிறாள். கேபின் கண்ணாடியில் ஆவி படிந்திருந்ததாம்.

ஆனால் பன்னிரண்டு நாளாக வீடே சேர்ந்து குழந்தையின் வாயைப் பற்றியே யோசித்ததில், பாலின் மறுமுனையை யாரும் யோசிக்கவில்லை. அவளே யோசிக்கவில்லை. பத்தரைக்கு மார்பு கட்டிக்கொண்டது. பத்தே முக்காலுக்குச் சட்டை நனைந்தது. பதினொன்றுக்குக் கையைத் தூக்கினால் அக்குள் வரை சுருக்கென்று இழுத்தது. லீவரைத் தள்ளும் ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்தாள். உட்கார்ந்த இடத்திலேயே பீச்சிவிடலாம் என்றால் நாலு பக்கமும் கண்ணாடி. எதிர்க் கட்டடத்து ஏழாம் மாடியில் ஆறு வெல்டர்கள், முகமூடியைத் தூக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே வாளிக்கு அடியில் பதினோரு பேர். அவர்கள் தலைக்கு மேல் ஒரு டன் காங்கிரீட்டை வலி இழுக்கிற கையால் கொண்டுபோவது எப்படி?

இன்னும் ஒரு மணி நேரம். இறங்கினால் கேபின் போகும். இறங்காவிட்டால் வேறு ஏதாவது போகும்.

வாளியைத் தரையில் வைத்துவிட்டு அவள் போனை எடுத்தாள். அவள் தோற்றால் பதிலுக்கு ஏற வேண்டும் என்று ஓய்வறையில் உட்காரவைத்திருந்த ஆளையே கூப்பிட்டாள்.

"அண்ணே. மேல வர முடியுமா? யார்கிட்டயும் சொல்லாம."

மூட்டை குரலைத் தாழ்த்தினார். "நான் ஏறிட்டா அது எனக்குத்தானேம்மா லாபம்?"

"தெரியும்ணே."

"என்ன விஷயம்?"

அவள் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

"சரி சரி, வைம்மா. எங்க வீட்ல மூணு பொறந்திருக்கு, எனக்குத் தெரியாதா" என்றார் மூட்டை.

நூற்று எண்பது படியை அவர் எட்டு நிமிஷத்தில் ஏறியதாகச் சொல்கிறார். அவர் மூச்சைக் கேட்டவர்கள் நம்பலாம். அதுவரை, மூட்டை போகிற போக்கில் கண் காட்டியதைப் புரிந்துகொண்ட கணவர், பின்னால் வந்த லாரியின் சரக்கு இன்னும் கலக்க வேண்டும் என்று லாரி ஓட்டுநரோடு வம்புக்கு நின்றார். அடுத்த நாற்பது நிமிஷமும் வாக்கி-டாக்கியில் மேலே இருந்து பேச்சே வரவில்லை. கணவர் கையால் சிக்னல் காட்டினார், வாளி ஒழுங்காக வந்து போனது. சூப்பர்வைசர் தளத்தின் மட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது மீட்டர் மேலே கண்ணாடிக்குள் இருக்கிற தலை யாருடையது என்று கீழே இருந்து யாருக்கும் தெரியாது, தலை கொஞ்சம் அகலமாக இருந்தாலும்.

அவள் பாதி நடையும் பாதி ஓட்டமுமாக வீட்டுக்குப் போனாள். முதலாளி தரையில் உட்கார்ந்து முட்டையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்தார், முட்டையைப் பார்த்தார், முடிவெடுக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு வலியைவிட வலித்தது. அப்புறம் தவழ்ந்து வந்தார்.

திரும்பி மேலே வந்தபோது மூட்டை எழுந்து வழிவிட்டார். கேபின் பதிவேட்டில் அவர் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. 'கேபின் கண்ணாடி துடைத்தது, மாற்று ஓட்டுநர் பொறுப்பில், நாற்பது நிமிடம்.'

"கண்ணாடி அழுக்காத்தானேம்மா இருந்துச்சு" என்றார்.

பன்னிரண்டு மணிக்குத் தளம் முடிந்தது. சூப்பர்வைசர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பதிவேட்டை அவர் படித்தாரா என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். சனிக்கிழமை தராசு முள் தொண்ணூறு கிராம் நகர்ந்தது. நர்ஸ் "ம்" என்றாள். அந்த 'ம்'முக்காக அவள் இரண்டு வாரம் மூச்சைப் பிடித்திருந்தாள். இப்போது விடியற்காலையும் சாயங்காலமும் பால், நடுவில் எல்லாரும் தின்பது முதலாளிக்கும். அவளுக்கு ஷிப்டை நாலு மணி நேரமாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள், மீதி நேரம் மூட்டை ஓட்டுகிறார். ஆகவே ஒரு கிரேனுக்கு இரண்டு பேர் தேவைதான் என்று மேலிடம் தானாகவே கண்டுபிடித்துவிட்டது.

அந்த நாற்பது நிமிஷக் கடன்தான் அவளை உறுத்துகிறது. ஷிப்ட் மாறும்போதெல்லாம் ஏணிக்கு அடியில் கேட்கிறாள்.

"அண்ணே, எப்ப வாங்கிக்கப் போறீங்க? இன்னைக்கு நாற்பது நிமிஷம் முன்னாடியே ஏறட்டுமா?"

மூட்டை பெல்ட்டை மாட்டிக்கொண்டே சொல்கிறார்: "அவசரமில்லம்மா. எனக்கு வேணும்போது நானே கேக்கறேன்."

இன்னும் கேட்கவில்லை.